மேட்டூர்த் தொட்டியும் நானோ படிகமும்

மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி என்று முழுப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள். மால்கோ என்றால் உடனே கை நீட்டி வழி காட்டுவார்கள். 1965இல் உற்பத்தி தொடங்கி 2008இல் நின்றுபோன ஆலை. மின்சாரத்தைத் தின்று அலுமினியம் தந்தது என்றுதான் ஊரில் பேச்சு. அந்த மின்பகுப்புத் தொட்டிகளுக்கு முந்தைய கட்டம்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்த பாக்சைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தில் வேகவைத்து, கரையாத சிவப்புச் சேற்றை வடித்துத் தள்ளினால் தெளிந்த கரைசல் மிஞ்சும். அதை ஆறவிட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வெள்ளை மாவாகப் பிரிய வேண்டும். ஆறிய சூட்டில் கரைசல் தாங்கக்கூடியதைப்போல இரண்டு மூன்று மடங்கு சரக்கு அதற்குள் இருக்கிறது. ஆனாலும் சும்மா ஆறவிட்டால் நாள்கணக்கில் தெளிவாகவே நிற்கும். ஒரு மணிகூடப் பிறக்காது.

பேயர் முறையில் ஓடும் எந்த ஆலையும் இதற்கு ஒரே வழியைத்தான் கையாள்கிறது. முன்பு படிந்த மாவில் பெரும்பங்கை எடுத்து இன்றைய கரைசலில் விதையாகப் போடுவார்கள். புதிதாகக் கிடைப்பதைவிடப் போட்ட விதையே அதிகம். எந்த விவசாயியும் ஒத்துக்கொள்ளாத கணக்கு. 75 டிகிரி வாக்கில் தொடங்கி 55 டிகிரி வரை மெல்ல ஆறவிட்டு, கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நாள் காத்திருந்தால், கரைந்திருந்ததில் ஏறக்குறைய பாதி கீழே இறங்கும். மீதியைச் சோடாவோடு சேர்த்து மறுபடி பாக்சைட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். கார்ல் யோசப் பேயர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1887இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கண்டுபிடித்தது இது. அவருக்கு அப்போது அலுமினிய உலோகத்தில் அக்கறை இல்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க அலுமினா வேண்டியிருந்தது; அதற்காகத்தான் தேடினார். சாயப்பட்டறைகளின் தேவை உலகத்து அலுமினியத்துக்கே வழி திறந்தது என்று சாயப்பட்டறை ஊரான குமாரபாளையத்தில் சொன்னால் ரசிப்பார்கள்.

ஏன் தானாகப் பிறக்க மாட்டேன் என்கிறது? நானோமீட்டரில் அளக்கவேண்டிய மிகச் சிறு படிகத்தை, அதாவது நானோ படிகத்தை, பற்றிய கேள்வி முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. படிகத்தின் உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் உறவு உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் உறவு இல்லை. அந்தக் குறைக்கு விலை உண்டு, அதைத்தான் மேற்பரப்பு ஆற்றல் என்கிறோம். பெரிய படிகத்தில் உள்ளே இருப்பவை அதிகம், விலை தெரியாது. சிறியதில் ஏறக்குறைய எல்லாமே வெளியே இருப்பவைதான். ஆகவே புதிதாகச் சேரும் சிறு கூட்டம் லாபத்தைப் பார்ப்பதற்குள் நட்டத்தில் கலைந்துபோகிறது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் கலையாது, வளரும். அந்த அளவுக்குத்தான் மாறுநிலைக் கரு என்று பெயர். இதன் அடித்தளத்தை 1870களில் கிப்ஸ் போட்டார். 1926இல் ஃபோல்மரும் வெபரும், 1935இல் பெக்கரும் டோரிங்கும் அதைப் பிறப்பு வேகத்தைக் கணிக்கும் கோட்பாடாக வளர்த்தார்கள்.

மேட்டூர்க் கரைசலுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். மேற்பரப்பு ஆற்றலைச் சதுர மீட்டருக்கு 0.1 ஜூல் என்று வைத்துக்கொள்கிறேன். கரைசல் தாங்குவதைப்போல மூன்று மடங்கு சரக்கு இருந்தால் மாறுநிலைக் கருவின் ஆரம் சுமார் 2 நானோமீட்டர் வருகிறது. அதற்குள் அறுநூறுக்கு மேற்பட்ட அலுமினியம் ஹைட்ராக்சைடு அலகுகள். இத்தனையும் தற்செயலாக ஓரிடத்தில் சரியான வரிசையில் கூடவேண்டும். தாண்டவேண்டிய ஆற்றல் மேடு, அந்தச் சூட்டில் ஒரு மூலக்கூறிடம் சராசரியாக உள்ள வெப்ப ஆற்றலைப்போல 370 மடங்கு. நடக்காது என்று வைத்துக்கொள்ளலாம். இதே கரைசலில் இருபது மடங்கு சரக்கை அடைக்க முடிந்தால் கரு முப்பது அலகுக்குச் சுருங்கும், மேடு ஐம்பது மடங்குக்கு இறங்கும். அப்போது பிறப்பைக் கற்பனை செய்யலாம். விதை போடுபவர் இந்த மேட்டை ஏறுவதே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடுகிறார். மேற்பரப்பு ஆற்றலுக்கு நான் எடுத்த எண்ணைக் கொஞ்சம் மாற்றினாலும் மேடு பெரிதாக மாறும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அது மும்மடிப் பெருக்கமாக உள்ளே வருகிறது. இந்தக் கோட்பாட்டின் பலவீனமும் அதுவே.

மேட்டூர் விஷயத்தில் இன்னொரு தடங்கலும் உண்டு. கரைசலில் அலுமினியம் நான்கு ஹைட்ராக்சில்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு திரிகிறது. படிகத்திலோ ஆறு வேண்டும். உள்ளே நுழைவதற்கு முன் ஒவ்வொன்றும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். அதனால்தான் பிறப்பு மட்டுமல்ல, வளர்ச்சியும் ஆமை வேகத்தில் நடக்கிறது.

கருக்களின் எண்ணிக்கைதான் கடைசியில் மணியின் அளவை முடிவு செய்கிறது. இது நம் வீட்டு அறிவு. கற்கண்டு செய்பவர் பாகில் நூலைத் தொங்கவிட்டு ஆடாமல் அசையாமல் வைக்கிறார். நூலில் சில கருக்கள், அவை நிதானமாகப் பருத்துக் கட்டியாகின்றன. பரமத்தி வேலூர்ப் பக்கம் கரும்புப்பாகு கொப்பரையிலிருந்து இறங்கியதும் நடப்பது நேர் எதிர். பதம் பார்க்கும் ஆள் துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். சரி என்றதும் தொட்டியில் ஊற்றுவார்கள். துடுப்பு போட்டுத் தேய்ப்பார்கள். கண்ணாடிபோல் மினுங்கிய பாகு பத்திருபது வீச்சில் மங்கி, வெளுத்து, மணல்போல் உதிரத் தொடங்கும். அந்த மங்கல்தான் கருக்களின் வெடிப்பு. கோடிக்கணக்கில் பிறந்துவிட்டதால் எதற்கும் பெரிதாக வளரச் சர்க்கரை மிச்சமில்லை. கொஞ்சம் முன்பே தேய்த்தாலும் கெட்டது, கொஞ்சம் தாமதித்தாலும் கெட்டது என்பார்கள். ஆய்வகத்தில் நானோ படிகம் செய்பவரின் கவலையும் இதே கவலைதான். அளவு மட்டும் பல ஆயிரம் மடங்கு சிறியது.

எல்லா மணியும் ஒரே அளவில் வரவேண்டும் என்றால்? விக்டர் லாமெரும் டைனேகரும் 1950இல் கந்தகக் கூழ்மத்தை வைத்துச் சொன்ன பதில் இன்றுவரை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அவர்கள் வரைந்த படத்தை மேட்டூர் அணையில் நின்று பார்த்தால் போதும். வரத்து வந்துகொண்டே இருக்கிறது, நீர்மட்டம் ஏறுகிறது. 120 அடியைத் தொட்டதும் பதினாறு கண் மதகு திறக்கிறது. உபரி பாய்ந்ததும் மட்டம் இறங்குகிறது, மதகு மூடப்படுகிறது. நீர்மட்டம் என்பது கரைசலின் மிகைச் செறிவு. மதகு திறந்திருக்கும் சிறிது நேரம்தான் கருக்கள் பிறக்கும் காலம். மூடிய பிறகு வரும் சரக்கெல்லாம் ஏற்கெனவே பிறந்தவற்றின் மேல் போய்ச் சேரும். எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்ததால் ஒரே அளவில் வளரும். ஒப்புமை எங்கே உடைகிறது என்றால், மதகைத் திறக்கப் பொறியாளர் இருக்கிறார், கரைசலில் ஆள் இல்லை. அங்கே பிறப்பு ஒரு குறித்த மட்டத்தில் சட்டென்று தொடங்குவதில்லை. மட்டம் ஏற ஏறத் தலைதெறிக்கக் கூடுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கருத்தின் பெரிய வெற்றி 1993இல் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மவுங்கி பவெண்டியும் மாணவர்கள் மர்ரே, நோரிஸ் இருவரும் 300 டிகிரி வாக்கில் சூடேற்றிய ஒரு கரைப்பானில் காட்மியம், செலினியம் சேர்மங்களைச் சடாரென்று ஊசியால் பாய்ச்சினார்கள். செறிவு ஒரே தாவலில் உயர்ந்தது, கருக்கள் வெடித்தன; குளிர்ந்த திரவம் உள்ளே போனதால் சூடு இறங்கி, பிறப்பு நின்றது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள நானோ படிகங்கள், அதாவது குவாண்டம் புள்ளிகள், கிடைத்தன. அளவைப் பொறுத்து நிறம் மாறும் என்பதை அதற்கு முன்பே எகிமோவ் கண்ணாடிக்குள்ளும் புரூஸ் கரைசலுக்குள்ளும் காட்டியிருந்தார்கள். 2023இல் பவெண்டி, எகிமோவ், புரூஸ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று கடையில் விற்கும் சில தொலைக்காட்சித் திரைகளில் நிறத்தைத் தருவது இந்த வழியில் வந்த மணிகள்தான்.

பிறந்தபின் நடக்கும் கதையை ஆஸ்ட்வால்ட் 1900 வாக்கிலேயே கவனித்தார்: சிறிய மணி எளிதில் கரையும், கரைந்தது பெரிய மணியின் மேல் போய்ப் படியும். ஆஸ்ட்வால்ட் பழுத்தல் என்பது இதுதான், இருப்பவனுக்கே சேரும் பொருளாதாரம். 1961இல் லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசோவ், வாக்னர் இதற்குக் கணக்கு எழுதினார்கள். சராசரி ஆரத்தின் மும்மடி நேரத்துக்கு நேர் விகிதத்தில் வளரும். ஆனால் சரக்கு தாராளமாக இருக்கும்போது சிறியவை வேகமாக வளர்ந்து பெரியவற்றை எட்டிப்பிடிக்கவும் முடியும் என்று 1951இலேயே ரைஸ் காட்டியிருந்தார். 1998இல் அலிவிசாட்டோஸ் குழு குவாண்டம் புள்ளிகளில் அதை நடத்திக் காட்டியது. தகுந்த மூலக்கூறைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால், பலவிதமாக இருந்த தங்க மணிகள் ஒரே அளவுக்குத் திரும்புவதும் உண்டு. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பகவதுல பிரசாத் நீண்ட காலம் வேலை செய்தது இந்தத் தலைகீழ்ப் பழுத்தலில்.

இதுவரை கதை ஒழுங்காக இருக்கிறது: முதலில் பிறப்பு, பிறகு அணு அணுவாக வளர்ச்சி. எனக்கு இதில் முதல் சந்தேகம் வந்தது ஒரு கல்லூரி ஆய்வகத்தில். தங்கக் குளோரைடைக் கொதிக்கவைத்து சிட்ரேட் ஊற்றும் பழைய சோதனை. டர்க்கெவிச் 1951இல் விரிவாக ஆராய்ந்தது. பாஸ்பரசை வைத்து ஃபாரடே 1857இல் செய்த சிவப்புத் தங்கத்தின் தம்பி. வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் முதலில் நிறமிழந்தது. பிறகு சாம்பல், பிறகு மைநீலம், கறுப்புக்குப் பக்கத்தில் போய், கடைசியில் நாவற்பழச் சாறு நீர்த்ததுபோல் சிவந்தது. எங்கள் குடுவை மட்டும் நீலத்திலேயே நின்றுவிட்டது. ராஜதிராவகத்தில் கழுவாமல் எடுத்து வைத்திருந்தார்கள். சுவரில் பழைய தங்கம், உதிரி அழுக்கு எல்லாம் தேவையற்ற கருக்களாக இருந்திருக்கும் என்று ஆசிரியர் அதட்டினார். அவர் சொன்னது சரி. ஆனால் ஒழுங்காகக் கழுவிய குடுவையும் ஏன் நீலத்தின் வழியாகவே சிவப்புக்குப் போகிறது? சிறு மணிகள் ஒவ்வொன்றாகப் பருத்தால் இளஞ்சிவப்பு மெல்ல அடர்ந்திருக்கவேண்டும். நீலம் வந்தால் மணிகள் கூடிக் கிடக்கின்றன என்று பொருள்.

2010இல் ஜெர்மனியில் போல்ட்டேயும் கூட்டாளிகளும் எக்ஸ்-கதிர்ச் சிதறலால் இதே சோதனையைப் பின்தொடர்ந்தார்கள். முதலில் நிறையச் சிறு மணிகள் பிறந்தன. பிறகு எண்ணிக்கை குறைந்தது, ஏனென்றால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒன்றாயின. அதன் பிறகுதான் மிச்சத் தங்கம் அவற்றின் மேல் படிந்து கடைசி அளவைக் கொடுத்தது. லாமெர் படத்தில் இந்த நடு அங்கம் இல்லவே இல்லை. இடைநிலை நீலத்துக்கு வேறு விளக்கங்களும் விவாதத்தில் உள்ளன. ஒட்டுதல் நடக்கிறது என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை.

இந்தப் பக்கம் சாட்சிகள் குவிந்துகொண்டே வந்தன. 1998இல் பென்னும் பான்ஃபீல்டும் டைட்டானியம் ஆக்சைடு நானோ படிகங்கள் ஒரே முகத்தை ஒன்றுக்கொன்று திருப்பிக்கொண்டு, செங்கல் அடுக்கியதுபோல் சேருவதை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். 2009இல் பெர்க்லியில் நுண்ணோக்கிக்குள்ளேயே திரவத்தை வைத்துப் பிளாட்டினம் வளர்வதைப் படம் பிடித்தார்கள்: பக்கத்துப் பக்கத்தில் ஒரு மணி அணு அணுவாக வளர்கிறது, இன்னொன்று அண்டை மணியோடு கலந்து ஒன்றாகிறது. கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு வழியும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். வாட்ஸ்கியும் ஃபின்கேயும் 1997லேயே வேறொரு பக்கத்திலிருந்து தட்டியிருந்தார்கள்: பிறப்பு வெடிப்பாக இல்லாமல் மெதுவாகத் தொடர்ந்து நடந்தாலும், வளர்ச்சி தன்னைத்தானே தூண்டிக்கொண்டு வேகமெடுத்தால் ஒரே அளவு மணிகள் வரலாம்.

பிறப்பு என்ற சொல்லே கேள்விக்கு வந்தது 2008இல். கேபவரும் கோல்ஃபெனும் கால்சியம் கார்பனேட்டை எடுத்தார்கள். நாமக்கல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்காகப் படிகிறதே, அதே சரக்கு. கரைசல் மீத்தெவிட்டுவதற்கு முன்பே அயனிகள் நிலையான சிறு கூட்டங்களாக நீந்துகின்றன, படிகம் பிறப்பது அவற்றின் வழியாகத்தான் என்றார்கள். இது சரி என்றால், ஏறவேண்டிய ஒற்றை மேட்டுக்குப் பதிலாகப் படிக்கட்டு இருக்கிறது. பழைய கோட்பாட்டுக்காரர்கள் விடவில்லை. அந்தக் கூட்டங்கள் சாதாரண அயனி இணைகள்தான், புதுப் பெயர் தேவையில்லை என்று வாதிடுகிறார்கள். கூட்டங்கள் இருப்பதை நான் ஏற்கிறேன். அவை எல்லாக் கரைசலுக்கும் பொது விதி என்பதை ஏற்கப் போதுமான சான்றில்லை.

இப்போது மேட்டூர்த் தொட்டிக்குத் திரும்பலாம். பேயர் ஆலைக்காரர்களுக்கு ‘ஒட்டித் திரளுதல்’ என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, அன்றாடப் பேச்சு. மின்பகுப்புக்குப் போகும் அலுமினா மணி நூறு மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். மாவாக இருந்தால் பறக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு மைக்ரான் வளரும் சரக்கை அந்த அளவுக்குத் தனிப்படிகமாக வளர்ப்பது லாபமான வேலை இல்லை. ஆகவே முதல் தொட்டிகளில் நுண்விதையைப் போட்டு, சூட்டைக் கூடுதலாக வைத்து, விதைகள் மோதி ஒட்டிக்கொள்ள விடுகிறார்கள். புதிதாகப் படிவது அந்த இடுக்குகளில் சிமெண்டாக இறுகுகிறது. பிறகு சூட்டை இறக்கிப் பருக்க வைக்கிறார்கள். அதிகம் ஆறவிட்டால் பழைய படிகங்களின் மேலிருந்து புதுத் துகள்கள் உதிர்ந்து பிறக்கும்; மாவு கூடிவிடும். பிறப்பு, வளர்ச்சி, ஒட்டுதல் மூன்றையும் ஒரே தொட்டி வரிசையில் சூட்டையும் விதையையும் மட்டும் வைத்து அடக்கி ஆளும் வேலை இது. நானோ ஆய்வாளர்கள் 1998இலும் 2010இலும் வியந்ததை, அளவு பெரியது என்பதைத் தவிர, ஆலைச் சீருடைக்காரர்கள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோட்பாடு தொழிற்சாலையைக் கேட்டிருந்தால் ஒட்டுதலை விட்டுவிட்டுப் படம் வரைந்திருக்காது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று இந்தத் துறை என்றால் பெரும்பாலும் இலைச்சாறுதான். வேப்பிலை, துளசி, ஆவாரம்பூ என்று எதையாவது வேகவைத்து வெள்ளி நைட்ரேட்டில் ஊற்றுவது; பழுப்பானதும் நானோ துகள் பிறந்தது என்று எழுதுவது. தொடக்கம் நல்ல தொடக்கம். புணேயில் முரளி சாஸ்திரி குழு 2004இல் வேப்பிலையில் செய்தது, அதே ஆண்டு எலுமிச்சைப்புல் சாற்றில் தங்க முக்கோணங்களை வளர்த்தது. அந்த முக்கோணங்கள் திரவம்போல் நெகிழும் சிறு உருண்டைகள் கூடி ஒட்டி உண்டாகின்றன என்று அவர்கள் அப்போதே சொன்னார்கள். ஒட்டுதல் கட்சிக்கு நம் நாட்டுச் சாட்சி. பின்னால் வந்த குவியலில் இந்த அக்கறை இல்லை. இலைச்சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள். எது வெள்ளியை ஒடுக்கியது, எது மணியைப் போர்த்தியது, பிறப்பு எப்போது முடிந்தது என்று தெரியாமல் நிற உச்சம் ஒன்றை மட்டும் வைத்துக் கருவாக்கம் பற்றி எழுதுவதில் பயன் இல்லை. விலையுயர்ந்த கருவி இல்லை என்பது பாதிக் காரணம்தான். நிமிடத்துக்கு ஒரு முறை நிறமாலை எடுத்து, விதை போட்டும் போடாமலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கருவியே போதும்.

எதிர்த்திசையில் நல்ல உதாரணம் சென்னையில் இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட குடிநீர் வடிப்பான், மால்கோ தொட்டியின் உறவுக்காரப் பொருள்தான்: அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடு. ஆனால் அங்கே நூறு மைக்ரான் மணி வேண்டாம். அதை நானோ அளவிலேயே நிறுத்தவேண்டும். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானைக் கூடவே விட்டு, சாதாரணச் சூட்டில் தண்ணீரிலேயே படிய வைக்கிறார்கள். நீண்ட சங்கிலிகள் பிறந்த மணிகளைப் பிடித்துக்கொள்வதால் அவை பருக்க முடிவதில்லை. நடுவே வெள்ளி நானோ துகள்களைப் பதித்தால், கிருமியைக் கொல்லும் அளவுக்கு மட்டும் வெள்ளி அயனி நீண்ட காலம் கசிகிறது. ஒரே தனிமத்தின் வளர்ச்சியை மேட்டூர் தூண்டியது, சென்னை முடக்கியது.

பதிவேடு என்று சொன்னேன். விதையின் அளவு, தொட்டிச் சூடு, மணிக்கணக்கில் இறங்கிய செறிவு, சல்லடைக் கணக்கு எல்லாம் ஷிப்டுக்கு ஷிப்டு எழுதப்பட்டிருக்கும். கருவாக்கம் பற்றிக் கணினி மாதிரி போடும் ஓர் ஆய்வு மாணவருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத தரவு அது. அந்தத் தொட்டிகளில் வேலை பார்த்தவர்கள் மேட்டூரிலும் ஓமலூரிலும் இன்னும் இருக்கிறார்கள். பரணில் பழைய நோட்டு ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.